இருபது சின்னது, பன்னிரண்டு பெரியது

அன்புள்ள மருமகனுக்கு,

உன் சிநேகிதனின் தாத்தா மான் வேட்டைக்குக் கூப்பிட்டு, 20 கேஜ் துப்பாக்கியும் தருவதாகச் சொன்னாராமே. "12 இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் சின்னது?" என்று கோபித்து எழுதியிருக்கிறாய். தாத்தா விவரமானவர்.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 கேஜ். இருபதாக்கினால் 20 கேஜ். எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும்: 12 கேஜ் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6. வழக்கமான 12 கேஜ் ஸ்லக், அதாவது ஒற்றை ஈயக் குண்டு, 28 கிராம். உன்னுடையது 18 முதல் 21 வரை இருக்கும். வெண்வால் மானுக்கு அது தாராளம். 12 தோளில் விடும் உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒஹாயோவில் மானுக்கு ஷாட்கன் எதற்கு என்றும் கேட்டிருந்தாய். சோளமும் சோயாவும் விளையும் சமதரை, வயலுக்கு வயல் வீடு. ரைஃபிள் குண்டு தப்பினால் வெகுதூரம் போகும். கனத்த ஸ்லக் சீக்கிரம் வேகம் இழக்கும். 2014 முதல் சிலவகை ரைஃபிள்களுக்கும் அனுமதி உண்டு. ஆனாலும் பல வீடுகளில் பழைய ஸ்லக் துப்பாக்கிதான் பரணிலிருந்து இறங்குகிறது.

தோட்டா வாங்கும் முன், துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலின் உட்புறத்தைக் கவனி. வழுவழுப்பா, மரை ஓடியிருக்கிறதா? வழுவழுப்புக்கு ஃபாஸ்டர் ஸ்லக். 1931-இல் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கியது. முன்பக்கம் கனம், பின்பக்கம் பொள்ளல். காலுறை நுனியில் கல்லைப் போட்டு வீசினால் கல் முன்னே போகுமே, அந்த மாதிரி நேராகப் பறக்கும். மரைக் குழலுக்கு, பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபோ.

முதல் வருஷம் நான் விலை கூடினது நல்லது என்று நினைத்து, வழுவழுப்புக் குழலில் சேபோ போட்டுச் சுட்டேன். காகிதத்தில் ஓட்டைகள் வட்டமாக இல்லை, சாவித்துவாரம் போல நீளமாக இருந்தன. சுழற்சி கிடைக்காத ஸ்லக் குட்டிக்கரணம் போட்டுப் போய் விழுந்திருக்கிறது! நல்லவேளை, எதிரில் இருந்தது காகிதம்.

தாத்தா வீட்டில் இரண்டு கேஜும் இருப்பதால் இன்னொன்று. 20 தோட்டா 12 குழலுக்குள் நழுவி நடுவில் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 தோட்டாக்களைப் பெரும்பாலும் மஞ்சளில் செய்வது இதற்காகத்தான். உன் சட்டைப்பையில் மஞ்சளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

போகும் முன், சாப்பாட்டுக் காகிதத் தட்டு ஒன்றை 50 மீட்டரில் நிறுத்தி, ஐந்து சுடு. ஐந்தும் தட்டில் விழாவிட்டால் 40-க்கு வா, 30-க்கு வா. அந்தத் தூரத்துக்கு அப்பால் மான் நின்றால், கொம்பு எவ்வளவு பெரிதானாலும் பார்த்துக்கொண்டிரு. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வை. பின்னால் வீடோ சாலையோ இருந்தால் விசையைத் தொடாதே. அடிபட்ட மான் ஓடினால் உடனே துரத்தாதே. அரைமணி நேரம் கழித்து, விழுந்த ரத்தத்தைப் பார். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். அதிக தூரம் போயிருக்காது.

ஆரஞ்சு மேலங்கியை மறக்காதே. காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா