கடைக்கு வருபவரும் கூட்டத்துக்கு வருபவரும்

மீள்குடியேறிய முதல் மாதங்களில் பல குடும்பங்கள் ஒரு சிறு தொழிலைத் தொடங்குகின்றன. முற்றத்தில் தறப்பாளின் கீழ் ஒரு பெட்டிக்கடை, ஒரு தையல் மெசின், சைக்கிள் திருத்தும் இடம், காலையில் இடியப்பம் அவித்துக் கொடுத்தல் என்று அது எதுவாகவும் இருக்கலாம். வேறு சிலர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பொறுப்பு எடுக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள் போலத் தெரியும். ஆனால் இரண்டிலும் உங்கள் முன்னால் வந்து நிற்பவர், உங்களைப் போலவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடித் திரும்பி வந்த அயலவர்தான். அவரை எப்படி நடத்துவது என்பதைப் பற்றியே இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பட்டணத்துப் பெரிய கடைகளில் வேலைக்குச் சேருபவர்களுக்குச் சிரித்த முகத்தோடு வரவேற்கப் பழக்குவார்கள். நல்லதுதான். எங்கள் ஊர்களில் அதைவிட முக்கியமானது, எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருப்பது. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒருவரைக் கண்டதும் "அவர் எங்கே? மகன் வரேல்லையோ?" என்று வாயில் வந்துவிடுகிறது. அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் கடையில் நாலு பேர் நிற்கும்போது அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு தாய், அடுத்த முறை ஒரு கட்டை தூரம் கூடுதலாக நடந்தாவது வேறு கடைக்குத்தான் போவார். அவராகச் சொன்னால் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் "வாங்கோ அக்கா, என்ன வேணும்?" என்பதோடு நில்லுங்கள். யார் எந்த முகாமில் இருந்தார், யார் முந்தி வந்தார், யாருக்கு எவ்வளவு தகரம் கிடைத்தது என்ற கதைகளையும் கடை வாங்கில் வளரவிட வேண்டாம். அங்கே சொல்லப்படும் எதுவும் கடைக்காரர் சொன்னதாகத்தான் ஊரில் பரவும்.

கடன் கேட்டு வந்தால்

சிறு கடைகளை அதிகமாக விழுத்துவது கடன் கொப்பி. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். கலப்படம் இல்லை, நிறை குறையாது, கடனும் இல்லை என்பவை அவர்கள் வைத்த விதிகள். முதல் இரண்டையும் நீங்கள் அப்படியே பின்பற்றலாம். மூன்றாவது எங்கள் நிலைமைக்கு ஒத்துவராது. நெல் வெட்டும் வரைக்கும், கூலி கிடைக்கும் வரைக்கும் காசு இல்லாத வீடுகளே அதிகம். பிள்ளை பசியோடு இருக்கும்போது மா இல்லையென்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 100 ரூபாவுக்கு விற்றால் உங்களுக்கு 8 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபா கடன் திரும்பி வராமல் போனால், அந்த 800 ரூபாவை இலாபத்திலிருந்து எடுக்க நீங்கள் 10,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். பல கடைகள் வாங்கி வைத்த முழுச் சாமானுமே அவ்வளவு பெறுமதி இராது.

ஆகவே ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று கடையைத் திறக்கும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். சொந்தக்காரருக்கும் அதே அளவுதான். கொடுக்கும்போது அவர் கண்முன்னே எழுதி, வாசித்துக் காட்டி, அவரிடமும் ஒரு துண்டு கொடுங்கள். அளவு முடிந்துவிட்டால், மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்து தனியாகச் சொல்லுங்கள்: "அண்ணை, பழைய கணக்கில கொஞ்சம் தாங்கோ, பிறகு நானே எடுத்து வைக்கிறன்." கடன்காரரின் பெயரைச் சுவரில் எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது காசையும் கொண்டுவராது, ஆளையும் கொண்டுவராது.

விலைப் பட்டியலை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் தொங்கவிடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரிகளிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். பழைய தராசு மண்ணுக்குள் இருந்து கிடைத்திருந்தால், முத்திரை குத்துவித்த பிறகே பாவியுங்கள். அலுவலர் எப்போது வருவார் என்று பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

சங்கத்தில் பொறுப்பு எடுத்தால்

சங்கத்தில் தலைவரோ செயலாளரோ ஆகிவிட்டால், உங்களிடமும் கடைக்காரரிடம் போலவே சனம் வரும். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்குப் போக வேறு கடை கிடையாது. அதனால் இன்னும் கவனம் தேவை.

பயனாளிகள் தெரிவில்தான் ஊர் இரண்டாகிறது. 40 வீடுகளுக்கு 15 கிணறு துப்புரவாக்கும் உதவி வந்தால் 25 வீடுகள் மனம் நோகும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்த அடிப்படையில் தெரிவு நடந்தது என்று தெரியாமல் இருப்பதைத் தவிர்க்கலாம். பெயர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் அடிப்படையைக் கூட்டத்தில் தீர்மானித்து, கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பமா, மாற்றுத்திறனாளி உள்ள வீடா, குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பவை அதில் வரலாம். பிறகு பட்டியலை வாசிகசாலைச் சுவரிலோ கூட்டுறவுக் கடையிலோ ஒட்டுங்கள். நிர்வாகத்தில் உள்ளவரின் உறவினர் பட்டியலில் இருந்தால், அந்தப் பெயரைப் பேசும்போது அவர் எழுந்து வெளியே போகட்டும். சங்கக் காசை வங்கியில் போட்டு, இரண்டு பேரின் கையொப்பத்தோடு மட்டும் எடுங்கள். இப்படிச் செய்தால் நேர்மையான பொருளாளருக்குத்தான் அதிக பாதுகாப்பு.

கூட்டம் வைக்கும் நேரமும் ஒரு தீர்மானம்தான். காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். பின்னேரம் இருட்டும் நேரத்தில் வைத்தால் தனியாக இருக்கும் பெண்கள் வரமாட்டார்கள். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள். பிந்தி வந்து குடியேறும் குடும்பத்துக்கு அறிவித்தல் போகாது. ஆகவே அவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். சிரமதானத்துக்கு ஆள் கூப்பிடுவதாக இருந்தால், முதல் மண்வெட்டியை நிர்வாகத்தினர் பிடிக்க வேண்டும் என்பதை எழுதத் தேவையில்லை.

தன் பெயர் விடுபட்டுவிட்டதென்று ஒருவர் ஆத்திரத்தோடு வருவார். சத்தமும் போடுவார். அந்த நேரத்தில் விதிகளை விளக்கப் போகாதீர்கள். முதலில் கதிரை கொடுங்கள், முழுவதையும் சொல்ல விடுங்கள். அவர் சொன்னதைக் கொப்பியில் திகதியோடு எழுதி, சரியாக எழுதியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். என்றைக்கு மறுமொழி சொல்வீர்கள் என்று ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். மறுமொழி "இல்லை" என்றாலும், அந்த நாளில் நீங்களே அவர் வீட்டுக்குப் போய்க் காரணத்தோடு சொல்லுங்கள்.