போய்ச் சொல்ல ஊருக்குள் ஓர் இடம்

(டிசம்பர் 10, மனித உரிமைகள் தினச் சிறப்புக் கட்டுரை)



1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். வழக்கமா இந்தப் பலகையில "மனித உரிமையைக் காப்போம்"னு கலர் பேனாவுல எழுதி, ரெண்டு கை குலுக்குற மாதிரி படம் வரைஞ்சு ஒட்டுவோம். இந்தத் தடவை ஒரு கேள்வியோட வந்திருக்கேன். உரிமை பறிபோனா யார்கிட்ட போய்ச் சொல்றது?

எங்க வீட்டுக் கதை

போன வருஷம் நாங்க வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டு வாசல்ல போர்டு தொங்குச்சு. அப்பாவும் நானும் போய்க் கேட்டோம். அந்த வீட்டுக்காரம்மா அன்பாத்தான் பேசினாங்க. தண்ணி கூடக் கொடுத்தாங்க. அப்புறம் "சொந்த ஊரு எது?"ன்னு கேட்டாங்க. அப்பா சொன்னார். "அங்க எந்தத் தெரு?"ன்னாங்க. அதையும் சொன்னார். கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "அடடா, நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போயிட்டாரு, மறந்துட்டேன்"னு சொன்னாங்க.

மறுநாள் அப்பாவோட வேலை பார்க்கிற ஒரு மாமா அதே வீட்டைப் போய்க் கேட்டார். வீடு காலிதான்னு சொல்லி, சாவியைக் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கவும் சொன்னாங்களாம்.

அப்பா சிரிச்சுக்கிட்டே, "விடும்மா, வேற வீடு பார்ப்போம்"னார். வேற வீடு கிடைச்சுது. ஆனா அன்னைக்கு அப்பா போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்துச்சா? அதைத் தேடித்தான் நூலகத்துல உட்கார்ந்தேன்.

சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக அரசு யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தீண்டாமையின் பேரால் ஒருவரை ஒரு பகுதியில் வீடு வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

அப்படின்னா எங்க அப்பா ஏன் போகல? போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, வக்கீல்னு அலைய முடியுமா? ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போச்சு. சட்டம் புத்தகத்துல இருக்கு. நம்ம தெருவுக்கும் அதுக்கும் நடுவுல ரொம்ப தூரம். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் உள்ளூர் மனித உரிமை ஆணையம் வேண்டும். இதுக்கு உதாரணம் தேடியபோது அமெரிக்காவில் ஒரு நகரத்தின் கதை கிடைத்தது.

சியாட்டில் நகரத்தின் கதை

சியாட்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள நகரம். அங்கே பல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே "கறுப்பினத்தவருக்கும் ஆசிய மக்களுக்கும் விற்கக் கூடாது" என்று நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் நகரின் ஒரே பகுதிக்குள் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது. வேறு இடத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? "வீடு போயிடுச்சு." நம்ம ஊர் வசனமேதான்!

1963 ஜூலை மாதம் இளைஞர்கள் சுமார் 35 பேர் மேயர் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. அதே மாதம் நகர மன்றம் மனித உரிமை ஆணையத்தை அமைத்தது. உறுப்பினர்கள் 12 பேர். அதில் கறுப்பினத்தவர் இரண்டே பேர். "எங்க கஷ்டத்தை விசாரிக்க எங்க ஆளுங்க ரெண்டு பேர்தானா?" என்று மறுபடி போராட்டம் நடந்தது, பலர் கைதானார்கள்.

அந்த ஆணையம் ஒரு சட்ட வரைவு தயாரித்தது. இனம் பார்த்து வீடு மறுத்தால் தண்டனை என்பது அதன் சாரம். நகர மன்றம் அதைத் தானே நிறைவேற்றாமல் மக்கள் ஓட்டுக்கு விட்டது. 1964 மார்ச் 10 அன்று வாக்கெடுப்பு. ஆதரவு 54,448. எதிர்ப்பு 1,15,627. சட்டம் தோற்றது.

நண்பர்களே, இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைச்சுட்டேன். எங்க தெருவுல ஓட்டு வைச்சா அப்பாவுக்கு எத்தனை ஓட்டு விழும்னு நினைச்சுப் பார்த்தேன். ஒருத்தருக்கு மனுஷனா வாழ உரிமை இருக்கா இல்லையாங்கிறதைப் பெரும்பான்மை ஓட்டால் முடிவு செய்யலாமா? கூடாது. அதனால்தான் அம்பேத்கரும் மற்றவர்களும் அடிப்படை உரிமைகளை அரசியலமைப்புக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்.

ஓட்டில் தோற்றாலும் ஆணையம் கலைந்து போகவில்லை. 1967-ல் சாம் ஸ்மித் என்பவர் நகர மன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 15 நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, அதே வீட்டுரிமைச் சட்டத்தை நகர மன்றம் நிறைவேற்றியது. இந்த முறை மக்கள் ஓட்டுக்கு விடவில்லை.

* உங்களுக்குத் தெரியுமா? *
நம்மவர்கள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனபோது சாதியும் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டையும் தடை செய்தது. அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரம் அதுதான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் புனேயில் பிறந்த க்ஷமா சாவந்த்.

இதில் நாம் கற்கும் பாடம்

ஆணையம் மட்டும் இருந்து சட்டம் இல்லாவிட்டால், அது பல் இல்லாத வாய். சியாட்டிலில் 1963 முதல் 1968 வரை அதுதான் நிலைமை. சட்டம் மட்டும் இருந்து பக்கத்தில் ஆணையம் இல்லாவிட்டால், அது வாய் இல்லாத பல். எங்க வீட்டு நிலைமை அதுதான். இரண்டும் சேர்ந்தால்தான் கடிக்கும்.

நம் மாநிலத்தில் என்ன இருக்கிறது?

1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தேசிய ஆணையம் அந்த ஆண்டே அக்டோபரில் அமைந்தது. தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997 ஏப்ரல் 17 முதல் சென்னையில் செயல்படுகிறது. தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. நடந்ததைத் தேதியோடு எழுதி அனுப்பினால் போதும்.
2. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.
3. சாட்சிகளை அழைத்து விசாரிக்க, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு.
4. அரசு ஊழியர் செய்த மீறலையும், தடுக்க வேண்டியவர் கண்டுகொள்ளாமல் விட்டதையும் விசாரிப்பதே இதன் முக்கிய வேலை.
5. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

நான்காவதை இன்னொரு தடவை படிங்க. வீட்டுக்காரம்மா அரசு ஊழியர் இல்லையே! அதனால எங்க அப்பா மாதிரி ஆட்களோட புகார் நேரடியா அங்கே பொருந்தாது. சென்னையும் எல்லாருக்கும் பக்கமில்லை.

உள்ளூர் ஆணையம் எப்படி இருக்க வேண்டும்?

என் மனசுல பட்டதைச் சொல்றேன்.

* நகராட்சி அல்லது ஒன்றிய அளவில், பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.
* பாதிக்கப்படும் மக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். 12-ல் 2 போதாது.
* முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். கேட்காவிட்டால் அபராதம் போடும் அதிகாரம் வேண்டும்.
* புகார் கொடுத்தவரை மிரட்டினால் அது தனிக் குற்றம் ஆக வேண்டும்.
* புகார் வரும் வரை காத்திருக்காமல் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டைக் கேட்க இரண்டு வேறு ஆட்களை அனுப்புவார்கள். ஒருவருக்கு "இல்லை", மற்றவருக்கு "இருக்கு" என்றால் உண்மை தெரிந்துவிடும். அமெரிக்காவில் இந்த முறை உண்டு. எங்க மாமா தெரியாமலே செய்ததும் இதுதான்!

"இதெல்லாம் வந்தா சண்டை வராதா?"ன்னு ஒரு தோழி கேட்டாள். சண்டை இப்பவும் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் சத்தம் போடாம தோத்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

சிந்திக்க சில கேள்விகள்

1. புது நண்பரிடம் நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி எது? ஏன்?
2. உங்கள் வீட்டில் வாடகைக்கு விட இடம் இருந்தால், யாருக்குத் தர மாட்டோம் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?
3. நம் பள்ளியில் ஒரு மாணவருக்குப் பாகுபாடு நடந்தால், பயமில்லாமல் போய்ச் சொல்ல எந்த இடம் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர்களும் பதில் எழுதினால் அடுத்த இதழில் இதே பலகையில் ஒட்டுவோம்.

இந்தக் கட்டுரையை ஒட்டுறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட காட்டினேன். முழுசும் படிச்சார். "அந்தம்மா தண்ணி கொடுத்தாங்கன்னு எழுதியிருக்கியே, அது நல்லது. நடந்ததை நடந்தபடிதான் எழுதணும்"னார். அப்புறம் மெதுவா, "சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்ளன்னு போட்டிருக்கியே, நமக்கு ஒரு வருஷம் ஆயிடுச்சா?"ன்னு கேட்டார்.

— ஒரு மாணவி, 11-ஆம் வகுப்பு, கலைப் பிரிவு