பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?
எரிவாயுக் கசிவு உணரியும் அதன் அளவுத்திருத்தமும்

மேல்மலையனூரில் அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைக் கண்டுவிட்டு, நள்ளிரவுக்குப் பின் இல்லம் திரும்பும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மாலை முதல் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அடுப்பின் குமிழ் முழுமையாக மூடப்படவில்லை. கதவைத் திறந்ததும் ஒருவர் நாற்றத்தை உணர்ந்து, "விளக்கைப் போடாதே" என்று தடுத்துவிட்டால் ஆபத்து விலகும். முதலில் உள்ளே நுழைபவருக்கு மோப்ப உணர்வே இல்லையெனில் என்ன ஆகும்?

நோயாளிகள் உள்ள இல்லங்களில் இது வெறும் கற்பனையன்று. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாகக் குறிப்பிடத்தக்க மணம் கிடையாது. கசிவை மூக்கு அறியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை அதில் சேர்க்கின்றனர். முதுமையிலும், பார்க்கின்சன் நோயிலும், தலைக்காயத்திற்குப் பின்னும், கொரோனாவுக்குப் பின் சிலருக்கும் மோப்பம் குன்றிவிடுகிறது. அது குன்றியதைப் பலர் தாமே அறிவதில்லை. மேலும் இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரு மடங்கு கனமானது. தரையை ஒட்டியே படரும். சமையலறையை அடுத்த கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் முதியவரை அது முதலில் சூழ்கிறது.

ஆகவேதான் கசிவு உணரியை வாங்கி மாட்டுகிறோம். அதில் பச்சை விளக்கு எரிவதைக் கண்டு நிம்மதி அடைகிறோம். பல எளிய கருவிகளில் அவ்விளக்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே கூறும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்கும்; அதனால் மணி நலமாக உள்ளது என்று தெரியும். உணரி வாயுவை உணர்கிறதா என்பதற்கு இவை இரண்டும் சான்றாகா.

உணரியின் உள்ளே நிகழ்வதை அறிந்தால் இது விளங்கும். இல்லங்களுக்கான கருவிகளில் பெரும்பாலும் வெள்ளீய ஆக்சைடு உணரியே இருக்கும். 1962ஆம் ஆண்டில் ஜப்பானியரான நவோயோஷி தகுச்சி உருவாக்கிய வழி இது. சூடேற்றப்பட்ட அந்த ஆக்சைடின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் படிந்து, மின்னோட்டத்திற்குத் தடையாக நிற்கும். எரிவாயு வந்தால் படிந்த ஆக்சிஜன் செலவாகித் தடை குறையும், மணி ஒலிக்கும். தொழிற்கூடங்களில் வேறொரு வகையும் உண்டு. அதில் பிளாட்டினக் கம்பிச் சுருள் கொண்ட சிறு மணியின்மேல் வாயு மெல்ல எரிந்து, கம்பியைச் சூடாக்கும். இரண்டு வகையிலும் மேற்பரப்பே உயிர்நாடி. தூசும் எண்ணெய்ப் புகையும் காலமும் அதை மங்கச் செய்கின்றன. சிலிக்கோன் கலந்த மெருகுப் பூச்சுகளும் தெளிப்பான்களும் அதற்கு நஞ்சு போன்றவை.

மங்கிய உணரியைக் கண்டறியும் முறையே அளவுத்திருத்தம். தொழில்நுட்பர் 'கேலிபரேஷன்' என்பர். திண்டிவனம் சந்தையில் தராசு முத்திரையிடப்பட்டதா என்று பார்த்து வாங்குகிறோம் அல்லவா? அங்கே அறிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்கின்றனர். இங்கே எடைக்கல்லுக்குப் பதில், அளவு அறிந்த வாயு. முதலில் தூய காற்றில் கருவி சுழியத்தைக் காட்டுமாறு செய்வர். பிறகு சிறு உருளையிலிருந்து சோதனை வாயுவைச் செலுத்துவர்.

நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ 2 பங்கு சமையல் எரிவாயு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைகிறது. தொழிற்கூடக் கருவிகள் இந்த வரம்பையே 100 விழுக்காடாகக் கொள்கின்றன. சோதனை வாயு அதில் 50 விழுக்காடு எனில் கருவியும் 50 காட்ட வேண்டும். 25 மட்டுமே காட்டினால் பொருள் என்ன? 20இல் ஒலிக்க வேண்டிய மணி, உண்மையில் 40 ஆகும்வரை உறங்கும். திருத்தியும் சரியாகாவிடில் உணரியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. எந்த வாயுவைக் கொண்டு திருத்தினர் என்பதும் முக்கியம். மீத்தேனுக்குத் திருத்திய பிளாட்டினக் கம்பி உணரி, சமையல் எரிவாயுவை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும்.

சிலர் சிகரெட் லைட்டரின் வாயுவைப் பீய்ச்சிச் சோதிக்கின்றனர். அவ்வளவு செறிந்த வாயு பட்டால் உணரி பழுதாகலாம், அளவும் தெரியாது. அருள்கூர்ந்து இதைத் தவிர்க்கவும்.

இல்லக் கருவிகளைப் பெரும்பாலும் நாமே திருத்த இயலாது. அவை ஆலையிலேயே திருத்தப்பட்டு வருபவை. நாம் காண வேண்டியது, உணரியை மாற்றுவதற்கெனத் தயாரிப்பாளர் குறித்த ஆண்டு. அது கடந்திருந்தால், விளக்கு எரிந்தாலும் கருவியை மாற்றுங்கள். சிலிண்டர் உள்ள இல்லத்தில் கருவி தரையிலிருந்து ஒரு சாண் முதல் ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். மின்கலம் இல்லாத கருவி மின்தடையின்போது காவல் காக்காது. மின்சாரம் மீண்டதும் உணரி சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். புண்ணுக்குக் கட்டுப் போடும் ஸ்பிரிட்டும் கைச் சுத்திகரிப்பானும் மணியை வீணாக ஒலிக்கச் செய்யலாம். அந்தத் தொல்லையால் கருவியைப் பிடுங்கி வைத்துவிடுவோர் உண்டு. இடத்தைச் சற்றே மாற்றினால் போதும்.

மணி ஒலித்தால் மின்பொத்தான் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியேற்றும் விசிறியும் அப்படியே இருக்கட்டும். கதவு, சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, நோயாளியை வெளியே அழைத்துச் செல்லுங்கள். பிறகு வெளியில் நின்று 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளியின் படுக்கை சமையலறைக்கு அருகில் இருந்தால், கருவி வாங்குவதற்கு முன்பே அதை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.