மழை மலைக்குப் போகிறவர் காலில் கட்டவேண்டியது

உடப்புசல்லாவையில் ஐப்பசி பிறந்தால் அட்டையும் பிறந்துவிடும். ஹட்டன் பக்கத்தாருக்கு வைகாசி, ஆனியில் வருகிற தென்மேற்கு மழைதான் பெரிய மழை. எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழையின் பக்கம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மலையில் புல் காயாது. கொழுந்து எடுக்கிற பெண்களோடு அந்த மாதங்களில் பல வருஷம் மலை மலையாக நடந்தவன் நான். கணக்கப்பிள்ளை வேலையில் கற்ற பாடங்களில் கணக்கை விடக் காலைப் பற்றியவைதான் அதிகம்.

தடிப்பான சொக்ஸ் போட்டால் அட்டை கடிக்காது என்று நம்புகிறவர்கள் நிறைய. பின்னல் சொக்ஸ் எவ்வளவு தடிப்பானாலும் காலில் ஏறியதும் விரிந்து கண்விடும். பசித்த அட்டை நூல் மாதிரி மெலிந்து அந்தக் கண்ணுக்குள் போய்விடும். இரத்தம் குடித்துப் பெருத்த பிறகு வெளியே வரவும் தெரியாமல் சொக்ஸுக்குள்ளேயே உருண்டுகிடக்கும். ஆகவே பார்க்கவேண்டியது நெசவை. நெருக்கமாக நெய்த காடாத் துணி நல்லது. கடையில் வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். ஏறுகிற அட்டை கண்ணில் படும்.

அடுத்தது வடிவம். மலையேறுகிறவர்கள் மாட்டுகிற கெயிட்டர் சப்பாத்தின் மேலிருந்து முழங்கால் வரை கெண்டைக்காலை மூடும், அடியில் ஒரு வார் போகும். சேறு, முள், பனி, சிறு கல் எல்லாவற்றுக்கும் அது சரி. அட்டைக்குச் சரிவராது. நாடாத் துளை வழியாகவும், புறங்காலில் கெயிட்டர் தூக்கிநிற்கிற இடுக்கு வழியாகவும் அட்டை சப்பாத்துக்குள் புகுந்துவிடும். எங்களுக்கு வேண்டியது பாதத்தையும் சேர்த்து மூடுகிற நீளப் பை. லோங்ஸின் கால் நுனியை அதற்குள் திணித்து, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டி, அதன்மேல் சப்பாத்துப் போடவேண்டும். தையல் இரட்டைத் தையலாக இருக்கவேண்டும். ஒரு தையல் விட்டாலும் அட்டை அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அட்டைக்குத் துணி தேடுவது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கண்டி இராச்சியத்தில் இருபது வருஷத்துக்குக் கிட்டச் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் எலுமிச்சையும் உப்பும் கட்டிய துணியைக் குச்சியில் வைத்துக் காலில் தட்டித் தட்டி நடந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய நூலில், கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியால் அட்டைக் கெயிட்டர் கட்டியதாகச் சொல்கிறார். அதே இடத்தில், பல்லக்குத் தூக்கியவர்களின் கணுக்காலில் அட்டை கொத்துக் கொத்தாகத் தொங்கியதையும் சொல்கிறார். அவர்களுடைய கை சுமையில் இருந்தது, பிடுங்கிப்போட முடியவில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்கும் அதே நிலைமைதான். இரண்டு கையும் செடியில், கூடை முதுகில். குனிந்து காலைத் தடவினால் நிறுவையில் கொழுந்து குறையும். யாருக்குக் கை ஓய்வில்லையோ அவருக்குத்தான் இந்தத் துணிக் காலுறை முதலில் வேண்டும். நடப்பது என்னவென்றால், சுற்றிப் பார்க்க வருகிற பயணி அட்டை சொக்ஸ் தேடி வாங்குகிறார், வருஷம் முழுக்க மலையில் நிற்கிறவர் சவர்க்காரத் துண்டோடு நிற்கிறார்.

சவர்க்காரம், உப்பு, சித்தாலேபக் களிம்பு எதுவும் வீணில்லை. ஆனால் ஒரு நல்ல மழை வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். நான் வேலைக்குப் புதிதாக வந்தபோது காலெல்லாம் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கொழுந்து மலையில் ஒரு அக்கா சொன்னார்: “ஐயா, உப்பு மழையோட போயிரும். மொதல்ல துணியக் கட்டுங்க, உப்பத் துணிக்கு மேல தேய்ங்க.” தோலில் ஈர உப்பு உரசினால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம். துணியின் மேல், கணுக்காலைச் சுற்றியும் முழங்கால் நாடாவுக்குப் பக்கத்திலும் காய்ந்த சவர்க்காரத்தை அழுத்தித் தேய்ப்பதுதான் என் வழக்கம்.

கட்டுக்குள் ஒரு விரல் நுழையவேண்டும். முதலாம் உலகப் போரில் சிப்பாய்கள் காலில் சுற்றிய பட்டியை இறுக்கமாகச் சுற்றக்கூடாது என்று இராணுவமே எச்சரித்தது. ஈரமும் குளிரும் உள்ள பதுங்குகுழிகளில் இறுகிய பட்டி இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காலைக் கெடுத்தது. ஈரத்தில் நாடாவும் சுருங்கும். காலையில் சரியாக இருந்த கட்டு மத்தியானம் இறுகியிருக்கும், சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்துக் கட்டுங்கள்.

இடுப்பில் கட்டுகிற படங்கு தேயிலை வாதுகள் வயிற்றிலும் தொடையிலும் குத்தாமல் காக்கிறது. அதைப் புல்லில் இழுபடுகிற அளவுக்கு நீளமாகக் கட்டினால் அட்டைக்கு நாமே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. உள்பக்கமாக ஏறும், கண்ணில் படவே படாது. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் நிற்கட்டும். கம் பூட்ஸ் போடுகிறவர்களுக்கும் வாய்ப்பக்கம் துணி வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரும் அட்டையும் உள்ளே சேர்ந்து இறங்கும்.

கழுத்துக்கு வருகிறேன். குளிருக்கு மப்ளர் நல்லதுதான், ஆனால் கம்பளி நூல் மழையில் நனைந்தால் கழுத்தில் ஒரு பாரம். மெல்லிய பருத்தித் துவாய் போதும், பிழிந்து மறுபடி போடலாம். மருந்தடிக்கிறவர்கள் கழுத்தில் துவாய் கட்டுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். தெறித்த மருந்தை அது உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்கத் தோலோடு ஒட்டியிருக்கும். நனைந்ததும் கழற்றி, கழுத்தைக் கழுவி, வேறு துணி கட்டவேண்டும். புல்வெட்டும் மெஷின் பிடிக்கிறவர்கள் துணியின் முனையைச் சட்டைக்குள் செருகவேண்டும். தெறிக்கிற கல்லுக்குக் காடாத் துணி காணாது, முழங்காலிலிருந்து புறங்கால் வரை கெட்டியான காப்பு வேண்டும். குளவிக்கு இந்தத் துணி எதையும் நம்பாதீர்கள். கூடு கண்ட இடத்தில் வேலையை நிறுத்தி, ஆட்களை இறக்குவதுதான் வழி.

எல்லாம் செய்தும் ஒன்று கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, மெலிந்த முனையைத் தள்ளிவிடுங்கள். அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் வடியத்தான் செய்யும். கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். பிறகு அரிக்கும். சொறிந்துதான் பலர் கடியைப் புண்ணாக்குகிறார்கள்.

வேலை முடிந்து வந்ததும் காலுறையை உள்பக்கம் வெளியே புரட்டிக் கழுவி, அடுப்புக்கு மேலே கொடியில் போடுங்கள். ஈரத்தோடு மறுநாள் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இரண்டு ஜோடி இருந்தால்தான் இது நடக்கும்.

ஒரு ஜோடிக்குப் போகிறது ஏறத்தாழ ஒரு மீட்டர் காடாத் துணியும் கொஞ்சம் நாடாவும்தான். தோட்டத் தலைவர்மாரே, அடுத்த முறை துரையோடு பேச உட்காரும்போது படங்கோடு சேர்த்து ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறையும் கேளுங்கள். ஐப்பசிக்கு முன்னால் கேளுங்கள்.