கம்பி வைத்த காலும் கடலடியும்

"காலில் பிளேட் வைத்தாகிவிட்டது, இனி கடலுக்கடியில் போகிற பேச்சே வேண்டாம். அழுத்தத்தில் அது வளைந்துவிடும்." ஸ்கூபா டைவிங் பழகியபின் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அதை நம்பி ஆசையை மூட்டை கட்டிவைத்தவர்கள் உண்டு. எலும்பு கூடிவிட்டது என்ற ஒரே தைரியத்தில் படகேறி அவதிப்பட்டவர்களும் உண்டு. இரு தரப்பினரும் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை.

நம்பிக்கை: ஆழத்தின் அழுத்தம் பிளேட்டையும் ஸ்க்ரூவையும் பாதிக்கும்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவருக்கான எல்லையாகிய 18 மீட்டரில் அது தரையில் இருப்பதைப்போல் 2.8 மடங்கு. ஆனால் இந்த அழுத்தம் சுருக்குவது காற்றைத்தான். காது, சைனஸ், நுரையீரல், முகமூடி ஆகிய இடங்களில்தான் அதன் வேலை தெரியும். டைட்டானியமும் எஃகும் திடப்பொருள்கள். குணமான காலில், உள்ளே துளையுள்ள ராடாக இருந்தாலும் அதில் நிறைந்திருப்பது காற்றல்ல, உடலின் திரவமும் திசுவும். தோல் முழுவதும் மூடியிருந்தால் உப்புநீர் அந்த உலோகத்தைத் தொடவே போவதில்லை. மாவுக்கட்டு பிரிக்காத கால், ஆறாத தையல், தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஆகியவற்றோடு மட்டும் கடலில் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியாவுக்குத் திறந்த காயம் ஒரு வாசல்.

நம்பிக்கை: எலும்பு கூடிவிட்டால் கால் தயார்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தொடையின் பலத்தைக் காட்டாது. சில வாரம் அசையாமல் கிடந்தாலே முன்தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும் அளவு சூம்பிவிடுகிறது. துடுப்புச் செருப்பு மாட்டி நீரை உதைக்கையில் அந்தத் தசைதான் முதலில் சோர்ந்துபோகும். கணுக்கால் முறிந்தவருக்குப் பாதத்தை நீட்டுவது சிரமமாக இருக்கும். முழங்கால் தசைநார் கிழிந்து ஆறியவர் தவளையைப்போல் உதைத்தால் மூட்டு பக்கவாட்டில் முறுக்குப்படும். அவருக்கு இடுப்பிலிருந்து மேலும் கீழுமாக உதைப்பதும், நீளம் குறைந்த மிருதுவான துடுப்பும் நல்லது. இதையெல்லாம் நீச்சல்குளத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீருக்கடியில் இருக்கும் நேரம்தான் காலுக்கு ஆபத்தானது என்பார்கள். நேர்மாறு. அங்கே உடலுக்கு எடையே தெரியாது, கால் எதையும் சுமப்பதில்லை. சோதனை வருவது படகின் ஏணியில். நிரம்பிய அலுமினிய சிலிண்டர் மட்டும் ஏறக்குறைய 17 கிலோ. ஈயக் கட்டிகளும் மிதவை ஜாக்கெட்டும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அலையில் ஆடும் ஏணியில், நனைந்த உடம்போடு, அத்தனையையும் சுமந்து ஒற்றைக்காலில் எழும்புவது நல்ல காலுக்கே கடினம். இதற்கு வழி எளிது. நீரிலேயே கருவிகளைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறலாம். இறங்கும்போதும் எட்டி அடிவைத்துக் குதிக்காமல், படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி பின்னால் சாயலாம், அல்லது நீரில் இறங்கியபின் கருவிகளை மாட்டிக்கொள்ளலாம். புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ இதைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

நம்பிக்கை: மருத்துவப் படிவத்தில் 'ஆம்' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடந்த 12 மாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா, 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்க முடியுமா, நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடியுமா என்றெல்லாம் டைவிங்குக்கு முன் நிரப்பும் அந்தப் படிவம் கேட்கிறது. அறுவை சிகிச்சைக்கு 'ஆம்' என்றால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். எலும்பு மருத்துவரிடம் "டைவிங் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "20 கிலோ முதுகில் சுமந்து ஏணி ஏறலாமா? அரைமணி நேரம் துடுப்பு உதைக்கலாமா?" என்று கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். காலை நீட்டிப் படுத்திருந்தவர்களுக்குக் கால் சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதால் அந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் காதில் அழுத்தத்தால் ஏற்படும் சிறு காயத்தில்கூட அதிகமாக ரத்தம் கசியலாம். என்னைக் கேட்டால், எலும்பைவிட முக்கியமான கேள்வி இதுதான்.

நம்பிக்கை: பழைய முறிவில் நைட்ரஜன் குமிழிகள் தங்கிவிடும்.

ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், மேலே வரும்போது மெல்ல வெளியேறாவிட்டால் குமிழிகளாகிவிடும். காயம்பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் மாறியிருந்தால் அது வெளியேறத் தாமதமாகலாம் என்பது நெடுநாளைய ஊகம், உறுதியான சான்று இல்லை. ஆழத்தையும் நேரத்தையும் குறைத்து, மேலே வரும்போது 5 மீட்டரில் வழக்கமாக நிற்கும் 3 நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

நிஜமான சிக்கல், வலிகளைக் குழப்பிக்கொள்வது. புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் போட அழுத்தக் காற்றறைகளில் உழைத்த தொழிலாளர்களை முடக்கியது மூட்டு வலி. நைட்ரஜன் குமிழிகள் இன்றும் அப்படித்தான் கைகால் மூட்டுகளில் பேசுகின்றன. பழைய காயமும் அதே மூட்டில் வலிக்கும். ஆகவே கடலுக்குப் போகும் அன்று காலையில், எங்கே வலி, எங்கே மரத்துப்போயிருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று எழுதி, கூட இறங்கும் துணைவரிடம் காட்டுங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அது எச்சரிக்கை மணியை அமுக்கிவிடும். மேலே வந்தபின் புதிதாக ஒரு வலியோ மரப்போ தோன்றினால், பழைய கால்தானே என்று அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். பயிற்றுநரிடம் உடனே சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.