பாட்டிலுக்குள் பச்சை

எங்கள் திசு வளர்ப்புக் கூடத்துக்கு வரும் விவசாயிகள் ஜி-9 வாழைக் கன்றுகள் இருக்கும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, “ரூமுக்குள்ள வெயிலே இல்லியே சார், எப்படி இவ்ளோ பச்சையா இருக்கு?” என்றுதான். சர்க்கரையில் வளர்கிறது என்றால் சிரிப்பார்கள்.

1962-ல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊடகம்தான் இன்றும் வாழைக்கு அடிப்படை. அதில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை. (வணிகக் கூடங்கள் பலவற்றில் அது மளிகைக்கடை வெள்ளைச் சீனிதான், வாழை இதுவரை குறை சொன்னதில்லை.) வளர்ப்பறை வெளிச்சமோ 2000 முதல் 3000 லக்ஸ். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். அந்த மங்கல் வெளிச்சத்தில் இலை பச்சை பிடிக்கும், கன்று நிமிரும். சோறு போடுவது பெரும்பாலும் சர்க்கரைதான்.

விளக்கைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் தோன்றும். இறுக மூடிய பாட்டிலுக்குள் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இரவில் கன்று மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் கரியமில வாயு ஆயிரக்கணக்கான பி.பி.எம்.முக்கு ஏறிவிடும். காலையில் விளக்கு எரிந்த ஓரிரு மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்து 100-க்கும் கீழே இறங்கும். வெளிக்காற்றில் 420-க்கு மேல் இருக்கும்போது உள்ளே இந்தப் பஞ்சம். 16 மணி நேரம் விளக்கு எரிந்தாலும், பகலின் பெரும்பகுதி இலை வேலையில்லாமல் நிற்கிறது. இந்த நிலையில் விளக்கைக் கூட்டினால் மின்கட்டணமும் ஏ.சி. செலவும்தான் கூடும், பாட்டிலுக்குள் சூடேறி மூடியில் நீர் கோத்துக்கொள்ளும், அதுவே கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்கும்.

சர்க்கரையும் தன் பங்குக்கு இலையைச் சோம்பேறியாக்குகிறது. செல்லுக்குள் சர்க்கரை நிறைந்திருந்தால், கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியைக் கன்று குறைவாகவே செய்யும். ஊட்டி ஊட்டி வளர்த்த பிள்ளை தானே சாப்பிடப் பழகாத கதை. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் டொயோகி கோசாயும் அவர் குழுவினரும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து சொல்லிவருவது இதைத்தான்: சர்க்கரையை எடுத்துவிட்டு, காற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுங்கள், பாட்டிலுக்குள்ளேயே கன்று ஒளிச்சேர்க்கையில் வாழும்.

சேர்த்து என்பதுதான் முக்கியம். சர்க்கரையை மட்டும் நிறுத்தி, மூடியை மாற்றாமல் விட்டால் கன்று அப்படியே நின்றுவிடும். பெருக்கும் கட்டத்தில் 30 கிராமில் நான் கைவைப்பதில்லை. இலையே சரியாக இல்லாத மொட்டுக் கொத்து எதைக் கொண்டு சமைக்கும்? வேர்விடும் கடைசிக் கட்டத்தில்தான் மாற்றம். சர்க்கரை 15 அல்லது 20 கிராம், காற்று புக வடிகட்டிச் சவ்வு ஒட்டிய மூடி, விளக்குக்கு அருகிலுள்ள தட்டு. மூன்றும் ஒன்றாக. சவ்வு மூடி விலை கூடுதல்தான். அதனால்தான் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். லக்ஸ் மீட்டரைப் பாட்டில் மட்டத்தில், பழைய மூடி ஒன்றை மேலே பிடித்து அளந்து பாருங்கள். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் பலமுறை வெந்த மூடி மங்கிப்போயிருக்கும். டியூப்லைட்டின் இரு முனைகளிலும் வெளிச்சம் குறைவு. அங்கே இருக்கும் கன்றுகள் வெளுத்து, நெட்டையாக ஓடும். வாரம் ஒருமுறை ஓரத்தில் இருப்பதை நடுவுக்கு மாற்றினாலே தட்டு முழுக்க ஒரே சீராக வரும். எல்.இ.டி.க்கு மாறினால் சூடு குறையும், தட்டுகளை நெருக்கி அடுக்கலாம்.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஒன்றைச் செய்து காட்டுவேன். இறுக மூடிய பாட்டிலிலிருந்து ஓர் இலை, நிழல்வலைக்குள் நிற்கும் கன்றிலிருந்து ஓர் இலை, இரண்டையும் மேசைமேல் மின்விசிறிக்கடியில் வைத்தால் போதும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டில் இலை துவண்டு சுருளும். ஈரம் தளும்பும் பாட்டிலுக்குள் இலைத்துளை மூடவேண்டிய தேவையே வரவில்லை, மெழுகுப் பூச்சும் சரியாகப் படியவில்லை. “ஐயோ சார், இத வெளிய எப்படி வெக்கிறது?” என்று அப்போதுதான் கேட்பார்கள்.

வெளியே எடுத்ததும், வேரில் ஒட்டியிருக்கும் அகரை, அதாவது ஊடகத்தைக் கெட்டியாக்கும் கூழை, ஓடும் தண்ணீரில் துளி விடாமல் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் சர்க்கரைக்குப் பூஞ்சை ஓடிவரும். புரோட்ரேயில் தென்னை நார்க்கழிவில் நட்டு, பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரப்பதத்தை மெல்ல மெல்ல இறக்குங்கள். அவசரப்பட்டு வெயிலில் காட்டினால் பாட்டில் இலை வெந்துபோகும். அந்த இலைகளைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். வெளிக்காற்றில் விரியும் புது இலைதான் முழுச்சம்பாத்தியம் செய்யும். கன்று வாங்கப் போகிறவர்களும் உயரத்தைப் பார்த்து மயங்காமல், பாட்டிலைவிட்டு வந்தபின் எத்தனை இலை விட்டிருக்கிறது என்று கேளுங்கள்.