தொலைநோக்கி பிறகு வாங்கலாம்

கேள்வி: தொலைநோக்கி வாங்க வசதியில்லை. வானம் பார்ப்பதில் எனக்கு இன்பம் கிடைக்குமா? (வாசகர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: நிச்சயம் கிடைக்கும். உங்கள் கோலசிலாங்கூர் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருப்பதால், ஓராண்டுக்குள் ஏறக்குறைய முழு வானமும் உங்களுக்குத் தெரிந்துவிடும். லண்டனில் ஒருபோதும் எழாத தென்சிலுவை, இங்கே மே மாத முன்னிரவில் தெற்கே நிமிர்ந்து நிற்கும். ஜனவரியில் திருவாதிரை, ரோகிணி, கார்த்திகை மூன்றையும் வெறுங்கண்ணாலேயே இனங்காணலாம். கார்த்திகையில் கண்ணுக்கு ஆறு விண்மீன் என்றால், சாதாரண பைனாகுலர் பல டஜன் காட்டும். கையை ஆடாமல் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகளும் தெரியும். மேகமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெளிச்சமும் கெடுக்குமே என்பீர்கள். உண்மைதான், மங்கலானவற்றை அந்த வெளிச்சம் விழுங்கிவிடும். ஆனால் நான் சொன்னவை எல்லாமே பிரகாசமானவை. கடலை நோக்கிய மேற்கு வானம் திறந்தே கிடக்கிறது; இங்குள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில் பிறை பார்ப்பதும் அதனால்தான். நீங்களும் பிறையிலிருந்தே தொடங்குங்கள். அதன் பக்கத்து விண்மீனை நாள்தோறும் குறித்துவைத்தால், நிலவு தினமும் சுமார் 13 பாகை கிழக்கே நகர்வதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.